பானையில் கீறிய பெயர்: மதுரைக் குடும்பங்களுக்கு அருங்காட்சியக உரை நடத்துவது பற்றி

வணக்கம் அம்மா.

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் கே.புதூர்ப் பக்கம் ஒரு தெரு நூலகம் நடத்துகிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரும் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து வந்து மதுரை வட்டாரத்தின் சிற்பம், ஓவியம், துணி, மண்பாண்டம் ஆகியவற்றைப் பார்க்கவும் அவை பற்றிக் கேட்கவும் ஏற்பாடு செய்ய விரும்புகிறீர்கள். முதல் முயற்சியில் பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பிள்ளைகள் இருபதாவது நிமிடத்திலேயே வெளியே ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். எதைக் காட்டுவது, எங்கே தொடங்குவது, யாரைப் பேச அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், மதுரையின் கலைச்செல்வங்கள் என்ற தலைப்பில் நூற்றிருபது படங்களைத் திரையில் ஓட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் நூற்றாண்டு, அரசர், கல்லின் வகை என்று சொல்லிக்கொண்டே போனேன். முடிவில் கேள்வி கேட்கலாம் என்று சொன்னபோது எழுந்தது ஒரே ஒரு கை. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், அந்தக் கல்லானை கரும்பைத் தின்னுச்சா, இல்லையா?" என்று கேட்டான். சித்தராக வந்த சிவன் கல்லானைக்குக் கரும்பு கொடுத்ததாகச் சொல்லும் திருவிளையாடல் கதைதான் அது; புதுமண்டபத்துத் தூணில் இருக்கும் அந்தக் கல்லானை என் வரிசையில் பதினேழாவது படம். நான்கைந்து விநாடிகள்தான் திரையில் நின்றது. அந்தப் பையன் பதினேழாவது படத்திலேயே நின்றுவிட்டான், நான்தான் மிச்சம் நூற்றுமூன்று படங்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே என் முதல் யோசனை இதுதான். ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள் போதும். அந்தப் பொருளைச் செய்த கை எது, எப்படிச் செய்தது, யாருக்காகச் செய்தது என்ற கேள்விகளை விட்டு அந்த ஒரு மணி நேரத்தில் நகரவே கூடாது. வரலாறு தானாக உள்ளே வரும். வராவிட்டாலும் அடுத்த மாதம் வரும். மதுரையில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளின் உறவுக்காரப் பொருள் ஏதாவது ஒன்று இன்னமும் தெருவில் புழங்கிக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் நாற்பது நிமிடம், வெளியே நாற்பது நிமிடம் என்று பிரித்துக்கொள்ள வேறு எந்த ஊரிலும் இவ்வளவு எளிதாக முடியாது என்பது என் எண்ணம். ஊர்ப்பற்று என்று நீங்கள் சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

தொடங்குவதற்குக் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம் என்றாலும் நமக்கு அது பக்கத்து ஊர்தான். 2014-15 முதல் அகழாய்வு நடந்துவரும் அந்த இடத்துக்கு அருகே, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் எல்லாக் கூடத்தையும் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நேராகப் பானை ஓடுகளிடம் போய் நின்றுவிடுங்கள்.

ஒரு கருப்பு சிவப்புப் பானையின் ஓட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இதற்கு எத்தனை நிறம் என்று கேளுங்கள். வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய்ப்பகுதியிலும் கருப்பு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு வண்ணம் பூசினார்களா என்று அடுத்த கேள்வி. பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். அப்போதுதான் சூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, உள்ளே வைக்கோலோ உமியோ இருந்து, காற்றுப் புகாமல் புகை மட்டும் தங்கினால் அந்தப் பகுதி கருக்கிறது. காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவக்கிறது. இரண்டு நிறத்தையும் தூரிகை இல்லாமல் தீயே தீட்டிவிடுகிறது. சமையலறையில் அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்த எந்தப் பாட்டிக்கும் இது உடனே புரிந்துவிடும். பேச்சாளரைவிட நன்றாக அவரே பேரப்பிள்ளைக்கு விளக்கிவிடுவார். அப்படி அவர் வாய் திறக்கும்போது பேச்சாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிறகு அந்த ஓட்டின் தோள்பட்டைப் பகுதியில் இருக்கும் கீறல்களுக்கு வாருங்கள். சிலவற்றில் வெறும் குறியீடுகள் இருக்கின்றன. சிலவற்றில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ்ப் பிராமியில், பெயர்கள் இருக்கின்றன. ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் கீறப்பட்ட ஓடுகள் அங்கே கிடைத்தவைதாம். எழுத்தின் போக்கு ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பானை செய்த குயவர் ஒருவரே எல்லாவற்றிலும் எழுதியிருந்தால் அப்படி மாறாது. பானையை வாங்கிய ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே கீறிக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அது ஒரு காரணம். வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அப்படி ஒரு பாத்திரத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். கல்யாணச் சீராக வந்த குடத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பதை முதல்முறையாகப் படித்த ஒரு பெண்குழந்தை, அந்தக் குடத்தை இறக்கி வைக்கவே மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செய்முறைக்கு உடைந்த பூந்தொட்டி ஓடும் ஓர் ஆணியும் போதும். தமிழி எழுத்துகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 'க' என்பது கணக்கு நோட்டில் போடுகிற கூட்டல் குறி. 'ர' என்பது ஒரு நேர்கோடு. பத்து நிமிடத்தில் தங்கள் பெயரைக் கீறிவிடுவார்கள். சுட்ட மண்ணில் வளைவு வருவது எவ்வளவு கடினம், நேர்கோடு எவ்வளவு எளிது என்பது அப்போது கைக்கே தெரியும். ஈர மண்ணும் ஒரு குச்சியும் கொடுத்து அதே பெயரை இன்னொரு முறை எழுதச் சொன்னால், சூளைக்குப் போகும் முன் கீறியதற்கும் பின் கீறியதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: வயலிலோ கண்மாய்க் கரையிலோ பழைய ஓடு கிடந்தால் எடுத்து வரக்கூடாது. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அந்த ஓட்டின் பாதிப் பொருள். பையில் போட்டுக் கொண்டுவந்தால் அது போய்விடும்.

அடுத்த மாதத்துக்குச் சமணர் மலை. கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் அய்யனார் கோயிலையும் தாண்டிப் படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாக வெட்டிய தீர்த்தங்கரர், அதாவது சமண சமயத்தின் பேராசான்களின், உருவங்கள் இருக்கின்றன. மலையின் இன்னொரு பக்கம், செட்டிப்பொடவில், பெரிய தீர்த்தங்கரர் உருவமும், குகைக்கூரையின் உட்புறத்தில் சிங்கத்தின் மேலேறி யானையோடு போரிடும் பெண்தெய்வமும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. உருவங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள் உண்டு. நடுப்பகல் வெயிலில் அவை கண்ணுக்கே தெரியாது. ஒளி சாய்வாக விழ வேண்டும். காலை ஆறரை மணிக்கு ஏறுங்கள், அல்லது கைவிளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒன்றுமில்லை என்று நினைத்த பாறையில் எழுத்து எழுந்து வருவதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது.

அந்த வரிகளில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்று சொல்கிறது. அச்சணந்தி இந்த வட்டாரத்து மலைகளில் பல இடங்களில் பெயர் காணப்படும் சமணத் துறவி. துறவியான மகனுக்குத் தாய் இருந்தார், அந்தத் தாய்க்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயர் பாறையில் நிற்கிறது. இங்கே நான் பேச்சாளராக இருந்தால் வேறு எதுவும் சொல்லமாட்டேன். கீழே இறங்கி வந்து, அய்யனார் கோயில் நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை வணிகர்களின் பெயரும் வருகிற தமிழிக் கல்வெட்டுகள், ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் பாண்டியரின் அமைச்சர் மாறன்காரியைப் பற்றிச் சொல்லும் 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆகியவை எல்லாம் இதே வரிசையில் பின்னால் வரட்டும். ஒரே நாளில் மூன்று மலை என்று திட்டமிடாதீர்கள். முழங்கால் வலிக்காரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதாக ஆகிவிடும்.

நகருக்குள் வந்தால், என் பதினேழாவது படம் எடுக்கப்பட்ட புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது, 124 தூண்கள். அங்கே நாயக்க அரசர்கள் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார்கள், பாண்டியன் மகளாகப் பிறந்த மீனாட்சியான தடாதகைப் பிராட்டி நிற்கிறார், கல்லானைக்குக் கரும்பு கொடுத்த சித்தரும் நிற்கிறார். ஆனால் மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அந்தச் சிற்பங்களைப் பார்த்திருப்பார்கள்? நம் நினைவில் இருக்கிற புதுமண்டபம் தையல் இயந்திரச் சத்தமும், பாடப்புத்தகக் கடையும், குங்குமமும் பாத்திரமும்தான். தூண்களுக்கு நடுவே கடைகள் இருந்ததால் சிற்பங்கள் துணிமூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தன. அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. சிற்பங்கள் வெளியே தெரிவது நல்லதுதான். ஆனாலும் தையற்காரர் இல்லாத புதுமண்டபத்தை என் கண் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பணிகள் நடப்பதைப் பொறுத்து உள்ளே விடுவார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தையற்காரர்களைத்தான் நீங்கள் உரைக்கு அழைக்க வேண்டும் என்பேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுவோருக்கு உடை தைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். திரி எடுத்து ஆடுவோர், திரியில்லாமல் ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தி என்ற தோல்பையால் நீர் பீய்ச்சுவோர் என்று அந்த அடியார்களில் வகைகள் உண்டு. தலையில் என்ன வரும், இடுப்பில் சல்லடம் என்ற அரைக்கால் உடை எப்படி விழும், சரிகை எந்த விளிம்பில் ஓடும், ஆட்டுத்தோல் பையின் வாயில் குழலை எப்படிப் பொருத்துவார்கள் என்பதையெல்லாம் மேசையில் பரப்பிவைத்துச் சொல்லக்கூடியவர் அந்தத் தையற்காரர் ஒருவரே. பேராசிரியர் சொன்னால் அது தகவல். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது பிள்ளைகள் நெருங்கி வந்து நிற்பார்கள். தோல்பையை விட்டுவிட்டு விசைக்குழாயில் தண்ணீர் அடிப்பதற்குத் தடை விதிக்கவேண்டி வந்ததே, அது ஏன் என்பதையும் அவரிடமே கேட்கலாம். அவர் காலத்தைப் பணமாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். சால்வை போர்த்திவிட்டு அனுப்பினால் ஒருநாள் கூலியை அவர் இழந்தார் என்பதே அதன் பொருள்.

அழகரைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் விடக்கூடாது. ஆற்றில் இறங்கும் அன்று அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று வைகைக் கரையில் இருக்கும் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். பச்சை என்றால் அந்த ஆண்டு செழிப்பு என்பது நம்பிக்கை. ஒரு நகரமே கூடி நின்று ஒரு நிறத்தைப் படிக்கிறது. நிறத்தின் பொருளைக் கூட்டமாகப் படிக்கத் தெரிந்த இந்த மக்களுக்குக் கலையை ரசிக்கத் தெரியாது, வகுப்பெடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. குடும்பங்களிடம் நீங்கள் செய்யக்கூடிய நல்ல செய்முறை இது: ஒவ்வொருவரும் தாம் நேரில் பார்த்த ஆற்றிறக்கங்களில் எந்த ஆண்டு என்ன நிறம் என்று நினைவிலிருந்து சொல்லட்டும், ஒரு நீளத்தாளில் ஆண்டுவாரியாக வண்ணம் தீட்டட்டும். சண்டை வரும். அந்தச் சண்டைக்காகவே இதைச் செய்யலாம்.

சுங்குடியைப் பற்றி நீங்களே அறிந்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சௌராட்டிரச் சமூகத்தார் மதுரையில் வளர்த்த முடிச்சுச் சாயக்கலை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது கடையில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சிட்டவையும் மெழுகுச் சாயமிட்டவையும். இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். கைக்குட்டை அளவு பருத்தித் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி, சாயத்தில் நனைத்து, உலர்த்தி, அவிழ்த்தால் நடுவில் ஒரு பொட்டும் சுற்றி ஒரு வட்டமுமாக விரிகிறது. எந்த இரண்டு வட்டமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு கைக்குட்டையில் பத்து முடிச்சுப் போடுவதற்குள் விரல் வலிக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும் என்பதை அந்த வலிக்கும் நேரத்தில் சொல்லுங்கள். அதன்பின் அம்மாக்கள் தங்கள் சேலையின் வட்டங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். வீட்டில் பழைய முடிச்சுச் சுங்குடி வைத்திருப்பவர் யாராவது இருப்பார். அதை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், கைகளைக் கழுவிவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். அருங்காட்சியகத்தில் தொட முடியாது என்பதற்கு இது ஈடு. நவராத்திரிக்கு முந்தைய மாதம் என்றால் விளாச்சேரிக்குப் போய், அச்சிலிருந்து பொம்மை வெளிவருவதைப் பார்க்கலாம்; வேலை மும்முரமாக இருக்கும், கூட்டமாகப் போய்த் தொந்தரவு செய்யாமல் பத்துப் பேராகப் பிரிந்து போங்கள்.

கோயிலுக்குள் இருக்கும் ஆயிரங்கால் மண்டபக் கலைக்கூடத்தைக் கேட்டிருந்தீர்கள். பெயர் ஆயிரங்கால் என்றாலும் தூண்கள் 985. பிள்ளைகளை எண்ணவிடாதீர்கள், மாலையாகிவிடும். முன்வரிசையில் இருக்கும் குறவன், குறத்தி சிற்பங்களில் ஒன்றின் முன் மட்டும் உட்காருங்கள். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது வரம். தாளும் பென்சிலும் மட்டும் இருந்தால் பார்த்தே ஆக வேண்டும். முழுச் சிற்பத்தையும் வரையச் சொன்னால் பிள்ளைகள் மிரண்டுவிடும். ஒரு பாதம், ஒரு காதணி, இடுப்பில் தொங்கும் கூடை என்று ஒரு துண்டை மட்டும் வரையட்டும். நான் பெற்றோருக்கும் தாள் கொடுத்துவிடுவேன். எனக்கு வரையவே வராது என்று நாணுகிற தகப்பன்மார்தான் கடைசியில் எழுந்திருக்க மறுப்பார்கள்.

திருமலை நாயக்கர் மகாலுக்குக் கையில் படங்களோடு போங்கள். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் மதுரைக்கு வந்து அதை வரைந்தார்கள். 1858-இல் லினேயஸ் டிரைப் என்ற ஒளிப்படக்காரர் தம் கேமராவில் எடுத்தார். நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது நடந்த பழுதுபார்ப்புக்கு முந்தைய நிலை அந்தப் படங்களில் இருக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒன்றைக் கொடுத்து, படம் எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே நிற்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் மண்டபம் முழுவதும் நடப்பார்கள், தூண்களையும் வளைவுகளையும் எண்ணுவார்கள், முன்னும் பின்னும் நகர்வார்கள். எந்த வழிகாட்டியும் அவ்வளவு கூர்மையாக அவர்களைப் பார்க்கவைக்க முடியாது. தூணின் சுற்றளவை நூலால் அளக்கட்டும்; உயரத்தை நிழலை வைத்துக் கணக்கிடட்டும். புத்தகத்துக்குப் புத்தகம் அந்த உயரம் மாறுவதால், உங்கள் பிள்ளைகளின் விடையை யாரும் எளிதில் தவறென்று சொல்லிவிட முடியாது.

பெரியவர்களுக்கு மட்டும் ஒரு மாலை உரை வைக்க விரும்பினால், பிலடெல்பியாவில் இருக்கும் மதுரை மண்டபத்தைப் பற்றி வையுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே இருக்கும் மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, பதினாறாம் நூற்றாண்டுத் தூண்கள் கழற்றிக் குவிக்கப்பட்டுக் கிடந்தன. 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் மறைந்தபின் 1919-இல் அவருடைய குடும்பத்தார் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்கு அவற்றை அளித்தார்கள். இன்று அங்கே அந்தத் தூண்கள் ஒரு மண்டபமாக நிற்கின்றன; பள்ளிப்பிள்ளைகளும் குடும்பங்களும் அவற்றின் நடுவே நடக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் கூட்டத்தில் ஒருவர் திருட்டு என்பார், இன்னொருவர் அங்கே போனதால்தான் பிழைத்தது என்பார். என் கருத்தைக் கேட்டால், குவியலாகக் கிடந்தபோது அதற்கு விலை போட்ட கை எது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் உரையை அந்த வாதத்திலேயே கரைத்துவிடாமல், அந்தத் தூண்களின் படங்களைக் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் அந்தக் கோயிலுக்கே எல்லோரையும் அழைத்துப் போங்கள். வெளியூர்ப் பயணம் ஒன்று வேண்டுமானால் இராமநாதபுரம் இராமலிங்க விலாசம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சேதுபதி மன்னர்களின் அரண்மனைச் சுவர் ஓவியங்களில் போரும் பூசையும் வெளிநாட்டாரின் தொப்பியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

நடைமுறை சார்ந்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. அது எந்த நாள் என்பதையும் மற்ற விடுமுறைகளையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் கூட்டத்துக்கு உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே காந்தி நினைவு அருங்காட்சியக வளாகம் இருக்கிறது. இராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் அது தொடங்கப்பட்டது, அதே வளாகத்தில் 1981 முதல் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. மர நிழலும் குடிதண்ணீரும் இருக்கிற இடத்தைவிடக் குளிரூட்டிய அரங்கு மேலானதன்று. காப்பாட்சியருக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எத்தனை பேர், எந்தப் பொருள், ஆணியோ தண்ணீரோ உள்ளே வராது என்ற உறுதி ஆகிய மூன்றும் அதில் இருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த முதல் கூட்டத்தில் பிள்ளைகள் இருபதாவது நிமிடத்தில் ஓடினார்கள் என்றால், அந்த இருபது நிமிடமும் எதில் கழிந்தது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஓவியப் போட்டியும் பரிசும் வேண்டவே வேண்டாம். பரிசு என்றவுடன் பிள்ளை பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்கும். அம்மா ரப்பரைக் கையில் எடுத்துக்கொள்வார். ஓவிய ஆசிரியராக முப்பது ஆண்டுகள் அந்தப் பாவத்தைச் செய்தவன் சொல்கிறேன்.

மகாலில் கடைசியாக ஒன்று செய்யுங்கள். அங்கே சுண்ணாம்புப் பூச்சின் மேல் பார்வையாளர்கள் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்திருப்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். இது தப்பு என்று நாம் சொல்வதற்கு முன், கீழடியில் ஆதன் கீறியதும் பெயர்தானே, அதை மட்டும் ஏன் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள், அவர்களையே பேசவிடுங்கள். நான் கேட்ட விடைகளிலேயே எனக்குப் பிடித்தது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னது: "அவர் அவரோட பானையிலே எழுதினாரு சார்."

முதல் மாதத்துக்குப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பூந்தொட்டிகளை இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். நாற்பது பேர் என்றால் கூர்முனை தேய்த்த ஓடு குறைந்தது அறுபது வேண்டும், சில கீறும்போதே உடையும். ஆணிகளை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.